கைமாறிய ஸ்டூல்

வாடிக்கையாளரின் மூக்கு லேசாக வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அதனால் கண்ணாடியை எப்படி வளைத்தாலும் ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயுமாகத்தான் உட்கார்ந்தது. ரேடியோ என்று பட்டப்பெயர் வாங்கியவள் அதை மறுபடி கழற்றி, காதில் மாட்டும் கம்பிக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தபோது மேசைமேல் இருந்த போன் அதிர்ந்தது. சிநேகிதி ஊசி கூப்பிட்டாள். வேலை நேரத்தில் ஊசி கூப்பிடவே மாட்டாள். மற்ற நேரத்திலும் அவ்வளவாகக் கூப்பிடுகிறவள் இல்லை; அவள் போன் பாதிப் பொழுது அவள் புருஷனின் சட்டைப்பையில்தான் கிடக்கும். "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு ரேடியோ கண்ணாடிக் கடையின் பின்கட்டுக்குப் போனாள்.

"ரேடியோ, சத்தம் போடாம கேளு. உனக்கு நான் ஒரு ஸ்டூல் செஞ்சு குடுத்தேன்ல?"

"ஆமா."

"அது இருக்குல்ல?"

"இருக்கு. அது எங்க போகப்போகுது."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் ஊசி மூச்சு விடுவது கேட்டது. ரொம்ப நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சுபோல இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன். கோவிச்சுக்காதடி. அதுக்குள்ள என் வளையல் இருக்கு. அம்மா போட்டது. தொலைஞ்சுபோச்சுன்னு அவருகிட்ட சொல்லிட்டு அதுக்குள்ள வச்சு மூடிட்டேன். உன்கிட்ட சொல்லாம விட்டது தப்புதான். ஆனா உன் வாயப் பத்தி உனக்கே தெரியும். உன் வீட்டுக்காரரும் இவரும் ஒரே ஆபீஸ்ல வேற இருக்காங்க."

ரேடியோ பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ரூம் பாத்துட்டேன். திங்கக்கிழமை சாவி தராங்க. வளையல வச்சுத்தான் தையல் மெஷின் வாங்கணும், தனியா தொழில் பண்ணணும். அது உன் வீட்ல இருக்குங்கற தைரியத்துலதான் இத்தனை நாளும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். வச்சிடறேன், அவர் வர்றார்."

ஸ்டூல் வீட்டில் இல்லை. போன மழைக்காலத்திலேயே அதை விற்றுத் தின்றாகிவிட்டது. திரும்ப வந்து உட்கார்ந்தவள் அந்த மனிதரின் மூக்குக்கு எதையோ செய்தாள், அவரும் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடி கோணலாகத்தான் இருந்திருக்கும்.

பள்ளிக்கூட நாளில் வைத்த பெயர்கள் இவை. ஊசி ஒல்லி, பேச்சும் அப்படித்தான், ஒரே ஒரு சொல்லால் குத்திவிட்டுப் போய்விடுவாள். பிறகு அவள் நாற்காலிக்கும் சோபாவுக்கும் குஷன் போடுகிற தொழிலுக்குப் போனபோது பெயர் இன்னும் பொருந்திப்போனது. ரேடியோவுக்கு விளக்கம் தேவையில்லை. ரகசியம் என்று சொல்லி அவளிடம் எதைக் கொடுத்தாலும் சாயங்காலத்துக்குள் தெருமுனை வரை போய்ச் சேர்ந்துவிடும். கெட்ட எண்ணம் கிடையாது. உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது, அவ்வளவுதான்.

சும்மா சொல்லக் கூடாது, பரிசுப் பொருளை விற்கிறாள் என்பதற்காக ரேடியோவைப் பொல்லாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை வீடு. பிறந்தநாள், கல்யாண நாள் என்று சிநேகிதிகள் கொண்டுவந்து கொட்டுவதையெல்லாம் எங்கே வைப்பது? இந்த வீட்டில் கடிகாரத்துக்குக் குறைச்சலில்லை, நேரம்தான் கிடைப்பதில்லை என்பான் அவள் புருஷன். அதனால் விற்றாள். ஆனால் விற்பதற்கும் ஒரு மரியாதை உண்டு என்பதில் அவள் கறார். கொடுத்தவள் ஒரு தடவையாவது வீட்டுக்கு வந்து, தான் கொடுத்த பொருள் நடுக்கூடத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அதற்கு முன்னால் விற்பது துரோகம். தெரிந்த முகம் இருக்கிற போன் குழுவில் படம் போடவே கூடாது. யார் கொடுத்தது என்று கேட்டால் கடையில் வாங்கினது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொடுத்தவள் பெயர் பேரம் பேசுகிற இடத்தில் அடிபடக் கூடாது. வாங்குகிறவரை வீட்டுக்கு வரவிடாமல் ரயில் நிலையத்து மேம்பாலத்தடியில் நிற்கச் சொல்வாள். எல்லாவற்றுக்கும் மேலாக, பொருள் கைமாறிய அந்த நிமிஷமே அவருடைய நம்பரையும் பேசின பேச்சையும் போனிலிருந்து சுத்தமாக அழித்துவிடுவாள். என் வாய்தான் ஓட்டை, போனாவது வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும் என்பது அவள் கணக்கு. இப்படி எத்தனையோ பொருள் காதும் காதும் வைத்த மாதிரி வீட்டை விட்டுப் போயிருக்கிறது.

அந்த ஸ்டூலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சதுரமாக, முழங்கால் உயரம், நாலு குட்டைக் கால், மேலே மெத்தை. மெத்தைக்குப் போட்டிருந்த துணிதான் சகிக்காது. மஞ்சளும் காவியும் கலந்து, நடுநடுவே சாணிப்பச்சைக் கோடு. "இத உன் ஃப்ரெண்டு உன்மேல என்ன கோவத்துல செஞ்சா?" என்று புருஷன் கேட்டான். அவன் கால் கட்டைவிரல் அதில் இடிபடாத நாளில்லை. கொடுக்கும்போது ஊசி, "துணிய மட்டும் மாத்திடாத, பத்திரமா வச்சுக்க" என்றாள். கைவேலை செய்கிறவளுக்கு இருக்கிற கர்வம் என்று ரேடியோ நினைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி புருஷனிடம் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. சொன்னால் அவன் மனதில் வைத்துக்கொள்வான், நல்லவன்தான். ஆனால் மறுநாள் ஆபீஸில் ஊசியின் புருஷன் பக்கத்து மேசையில் வந்து உட்காரும்போது இவன் முகத்தைப் பார்த்தே அவன் ஏதோ இருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிடுவான். வீட்டில் எதை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்து எடுத்துப்போய் வியாபாரத்தில் விட்டவன் அவன். ஊசியின் காதில் கழுத்தில் இருந்ததெல்லாம் அப்படித்தான் போயிற்று. ரேடியோ வாயை இறுக மூடிக்கொண்டாள். "உடம்பு சரியில்லையா, சத்தத்தையே காணோம்" என்றான் புருஷன்.

வாங்கினவளை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர் தெரியாது, நம்பர் இல்லை. படுத்துக்கொண்டு மேம்பாலத்தடியை மறுபடி மறுபடி மனதில் ஓட்டினாள். ஐம்பதைத் தாண்டின அம்மாள். கையில் துணிப்பை. முகம் சரியாக வரவில்லை. கண்ணாடி வந்தது. ரேடியோவுக்கு யார் முகமும் கண்ணாடி வழியாகத்தான் ஞாபகம் இருக்கும். இடது கண்ணுக்கு மட்டும் சோடாப்புட்டிக் கண்ணாடி, வலது கண்ணுக்குச் சாதா. கம்பி மடங்குகிற இடத்தில் திருகாணி விழுந்துபோய் அதற்குப் பதிலாக ஒரு ஊக்கைக் குத்தி வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும், வாங்க நான் சும்மாவே போட்டுத் தருகிறேன் என்று சொல்ல வாய் துடித்தது, மரியாதை விதி ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தக் கம்பியின் உட்புறம் சின்னதாக ஒரு முத்திரை இருந்ததும் ஞாபகம் வந்தது. அவள் வேலை செய்யும் கடையின் முத்திரைதான் அது. இவள் கிளையில் வாங்கின கண்ணாடி இல்லை, இவள் கை பட்டிருந்தால் மறந்திருக்காது. அப்படியானால் பாலத்துக்கு அந்தப் பக்கக் கிளை.

காலையில் முதல் வேலையாக அந்தக் கிளைக்குப் போனாள். கண்ணாடி தேய்க்கிறவர் அவளுக்குப் பழக்கம். இடது மட்டும் சோடாப்புட்டி, காதோரம் ஊக்கு என்று சொன்னதுதான் தாமதம், "லைப்ரரி டீச்சர்" என்றார். "திருகாணி போட்டுக்கச் சொல்லி நானும் சொல்லிட்டேன், நேரமில்லங்கறாங்க. பக்கத்து ஸ்கூல்தான்."

பள்ளி நூலகத்தில் லைப்ரரி டீச்சர் தனியாக உட்கார்ந்து புத்தகங்களுக்குக் காக்கி அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோவைப் பார்த்ததும் யாரென்று தெரியாமல் சிரித்தாள். தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இங்க எதுக்கு வந்தீங்க? நான் இங்க இருக்கேன்னு யார் சொன்னது?"

"அந்த ஸ்டூல் எனக்குத் திரும்ப வேணும்ங்க. நீங்க குடுத்ததவிட அதிகமாவே தர்றேன்."

"வித்த பொருளத் திரும்பக் கேக்கறது என்ன மரியாதைங்க?"

மரியாதை என்ற சொல் ரேடியோவைச் சுருக்கென்று தைத்தது. டீச்சர் கத்தரிக்கோலை எடுத்துக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"அது என்கிட்ட இல்ல. என் பொண்ணோட மாமியாருக்குக் குடுத்துட்டேன். புது வீட்டுக்கு வந்தாங்க, ஏதாவது குடுக்கணுமே. கடையில சொல்லி உங்களுக்காகவே செய்யச் சொன்னேன்னு சொல்லிக் குடுத்திருக்கேன். அது யார் வீட்லயோ கால் வச்சிட்டிருந்த ஸ்டூலுன்னு தெரிஞ்சா என் பொண்ணு கதி என்னாகும்? அந்த வீட்ல இப்பதான் அவ மெல்ல மூச்சு விடறா. நான் கொண்டுபோற ஒவ்வொரு பொருளயும் சம்பந்தியம்மா திருப்பித் திருப்பிப் பாக்கறவங்க."

"புரியுதுங்க. ஆனா..."

"என்ன ஆனா? அப்படி என்ன இருக்கு அதுல?"

இதுதான் இடம். சொல்லிவிட்டால் ஒருவேளை மனம் இளகும். ஆனால் சொன்னபிறகு அது தங்கம். மெத்தைக்குள் தங்கம் இருக்கிறது என்று தெரிந்த வீட்டுக்குள் அந்த ஸ்டூல் அதே ஸ்டூலாக இருக்குமா? இந்த அம்மாளின் முகத்தில் கள்ளமில்லை, ஆனால் இவள் மகளிடம் சொல்வாள், மகள் புருஷனிடம் சொல்வாள். எப்படிச் சொல் பரவும் என்று ரேடியோவைவிட யாருக்குத் தெரியும்? பிறந்தது முதல் ஒரு சொல்லையும் விழுங்கியிராதவள் அன்றைக்கு விழுங்கினாள்.

"அது என் ஃப்ரெண்டு எனக்காகத் தன் கையால செஞ்சது."

"அதத்தான் வித்தீங்க."

"வித்தேன்."

"யார் குடுத்ததுன்னு நான் கேட்டேன். கடையில வாங்கினதுன்னீங்க."

வெளியே மணி அடித்து, பிள்ளைகள் திமுதிமுவென்று ஓடி, மறுபடி அமைதியானது. டீச்சர் ஒரு புத்தகத்தின் அட்டையை மடித்து மடித்து மடிப்பு தேய்ந்துபோகும்வரை தடவிக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உங்க ஃப்ரெண்டு இப்பவும் இந்த வேலைதான் பண்றாங்களா?"

"ஆமா. ஏன்?"

"சம்பந்தியம்மாவுக்கு அந்த ஸ்டூல் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. காலு வைக்க வாகா இருக்காம். அதுக்கு ஜோடியா இன்னொண்ணு வேணுமாம், செஞ்சவங்கள வரச் சொல்லுன்னு என் பொண்ண உயிரெடுக்கறாங்க. அவங்க ஊர்ல இல்ல, வரலன்னு நானும் எத்தனை நாள்தான் பொய் சொல்றது? செஞ்சவங்களயே கூட்டிட்டு வாங்க. அவங்க பாத்து என்ன பண்ணணுமோ பண்ணட்டும், பழசக் கொண்டுபோய்ப் புதுசு குடுத்தாலும் சரி. ஆனா நீங்க வித்தீங்க, நான் வாங்கினேன்னு ஒரு வார்த்தை அங்க வரக் கூடாது."

வழி கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வழி நேராக ஊசியின் முன்னால் போய்த்தான் நின்றது. வேறு ஏதாவது சந்து பொந்து இருக்கிறதா என்று ரேடியோ பஸ்ஸில் வரும்போதெல்லாம் தேடிப் பார்த்தாள். வேறு குஷன்காரரை ஊசி என்று சொல்லிக் கூட்டிப்போகலாமா என்றுகூட யோசித்தாள், வெட்கக்கேடுதான். அப்புறம் நடுவழியில் இறங்கி, ஊசி வேலை பார்க்கிற பட்டறைக்கு எதிர்ப்பக்க பஸ் பிடித்தாள்.

ஊசி ஒரு நீளமான சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டு அதன் வயிற்றில் துணி அடித்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய ஆணி. ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி உதட்டில் எடுத்து, சுத்தியலால் ஒரே அடி. ரேடியோவைப் பார்த்ததும் கண்ணால் என்ன என்று கேட்டாள். அவள் பேச முடியாத நேரத்தில் சொல்லிவிட்டால் நல்லது என்று தோன்றியது போல, ரேடியோ நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். விற்றது, மேம்பாலம், டீச்சர், சம்பந்தியம்மா எல்லாம். அப்போதும் ஊசி அடித்துக்கொண்டேதான் இருந்தாள். வரிசை முடிந்ததும் மீதி ஆணிகளை உள்ளங்கையில் துப்பினாள்.

"பேரம் பேசினாங்களா?"

"பேசினாங்க."

"குறைச்சியா?"

"குறைச்சேன்."

ஊசி ஆணிகளை டப்பாவில் போட்டு மூடினாள். ஒன்றிரண்டு கீழே சிதறின. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"பிடிக்கலன்னா என்கிட்டயே குடுத்திருக்கலாமேடி."

"குடுத்தவகிட்டயே எப்படித் திருப்பிக் குடுக்கறது? நீ வருத்தப்படுவியேன்னு..."

"இப்ப வருத்தம் இல்ல பாரு."

ரேடியோவின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் ஊசிதான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும், அது இன்னும் அநியாயம் என்று அடக்கிக்கொண்டாள். "அந்தத் துணி..." என்று ஏதோ ஆரம்பித்தாள்.

"துணி கேவலமாத்தான் இருக்கும். தெரிஞ்சுதான் போட்டேன். அழகா இருந்தா யாராவது கேப்பாங்க, உனக்கும் குடுக்க மனசு வரும். யாரும் கேக்கக் கூடாதுன்னு பட்டறையிலயே இருக்கறதுலயே மட்டமான துணியாப் பாத்துப் போட்டேன்." ஊசி கொஞ்சம் சிரித்ததுபோல் இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். "ஞாயித்துக்கிழமை போலாம். அவருகிட்ட வேலைக்குப் போறேன்னு சொல்லிக்கறேன். பொய்யில்லையே."

சம்பந்தியம்மா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டைப் பார்த்தாலே தெரிந்தது. ஜன்னல் திரையின் மடிப்புகூட அளந்து வைத்ததுபோல் விழுந்தது. கூடத்து நடுவில் நாற்காலி, அதில் அவள், அவள் பாதங்களுக்குக் கீழே அந்த ஸ்டூல். அந்தப் பளிச்சென்ற கூடத்தில் சாணிப்பச்சைக் கோடு என்னவோ ராஜா வீட்டுச் சாமான் மாதிரி உட்கார்ந்திருந்தது. லைப்ரரி டீச்சர் அவர்களை உள்ளே விட்டு, "இவங்கதான் செஞ்சவங்க, இவங்க கூட உதவிக்கு வந்தவங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் மகள் சமையலறை வாசலில் நின்றாள். மெலிந்த பெண், இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்.

"வாங்க. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றாள் சம்பந்தியம்மா. "ஆனா ஒரு குறை. இந்த ஓரத்துல குதிகாலுக்கு ஏதோ கட்டியாத் தட்டுப்படுது. நானே பிரிச்சுப் பாக்கணும்னு நேத்துகூட கத்தரிக்கோல் எடுத்தேன். செஞ்சவங்க வர்றாங்கன்னு மருமக சொன்னா, விட்டுட்டேன்."

ஊசியின் முகத்தில் எதுவும் அசையவில்லை.

"அது உள்ள ஃபோம் ஒட்டின இடம்மா. இறுகிப்போயிருக்கும். பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் சரிபண்ணி..."

"எதுக்கு எடுத்துட்டுப் போறது? இங்கயே பண்ணுங்க. என் கண்ணு முன்னாடி பண்ணுங்க. உள்ள என்ன போடறீங்கன்னு நானும் பாக்கணும்ல, அடுத்ததுக்குக் காசு குடுக்கப்போறேனே."

ஊசி கருவிப் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஸ்டூலைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அடிப்பக்கத்துக் கறுப்புத் துணியில் அடித்திருந்த பின்களைத் திருப்புளியால் நெம்பி நெம்பி எடுத்தாள். சம்பந்தியம்மா முன்னால் குனிந்து, கண்ணாடியை மூக்கின் மேல் சரியாக ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பின்னையும் பார்த்தாள். நோயாளிக்கு இன்ஜெக்‌ஷன் போடுகிற நர்ஸின் கையைப் பார்த்துப் பார்த்துப் பழகின பார்வை. இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி. அதைத் திறந்தால் ஃபோம், ஃபோமை விலக்கினால் வளையல். ஊசி வேகத்தைக் குறைத்தாள். குறைக்கிற அளவுக்குத்தான் குறைக்க முடியும்.

ரேடியோ எழுந்தாள். என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமல்தான் எழுந்தாள். பக்கத்தில் போனதும் தெரிந்துவிட்டது.

"அம்மா, உங்க மூக்குல ரெண்டு பக்கமும் கன்னிப்போயிருக்கே, இது யாரு போட்ட கண்ணாடி? இப்படியா இறுக்கறது? மத்த நாள்ல நான் கண்ணாடிக் கடையிலதான் வேலை பாக்கறேன். குடுங்க, ரெண்டு நிமிஷம்."

"இருக்கட்டும், அப்புறம்..."

"அப்புறம் நான் எப்ப வர்றது? ராத்திரி தலைவலி வருமே உங்களுக்கு?"

"வருது" என்றாள் சம்பந்தியம்மா கொஞ்சம் ஆச்சரியத்தோடு.

"இதனாலதான்."

சொல்லும்போதே கண்ணாடி ரேடியோவின் கைக்கு வந்துவிட்டது. சம்பந்தியம்மா கண்களை இடுக்கிக்கொண்டாள். "அது இல்லாம எனக்கு எதிர்ல இருக்கறது ஆளா தூணான்னே தெரியாது."

"தூணா இருந்தா பேசுமா? நான் பேசறேன்ல."

அப்புறம் ரேடியோ பேசினாள். கைப்பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து மூக்குத்தாங்கியைக் கழற்றி மாட்டிக்கொண்டே பேசினாள். ஒருத்தர் தன் கண்ணாடி தொலைந்துவிட்டது என்று அதைப் போட்டுக்கொண்டே கடைக்கு வந்து சண்டை போட்டது, மனைவிக்குப் பார்வை சரியான பிறகு வீட்டில் நிம்மதி போய்விட்டது என்று ஒரு மனிதர் வருத்தப்பட்டது, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் மூக்கு ஏன் இப்படிக் கன்றிப்போகிறது என்று அவளே அந்த இடத்தில் கண்டுபிடித்த ஒரு காரணம். ஒரு இடத்தில் நிறுத்தினாலும் அந்த அம்மாளின் காது ஸ்டூல் பக்கம் போய்விடும். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வாய் சிரிக்கிறது. சம்பந்தியம்மாவும் ஒரு இடத்தில் சிரித்துவிட்டாள். லைப்ரரி டீச்சர் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. துணியில் சுற்றியிருந்தும் உலோகத்தில் உலோகம் உரசிய சத்தம்.

"என்ன அது?" சம்பந்தியம்மா நிமிர்ந்தாள். கண் தெரியாவிட்டாலும் முகம் சரியாக ஊசியின் பக்கம் திரும்பியது. ரேடியோவின் வாய் திறந்தபடி நின்றது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதில் ஒன்றும் வரவில்லை.

"நான்தான் அத்தை, என் வளையல்" என்றது ஒரு குரல். சமையலறை வாசலில் நின்ற அந்தப் பெண் கையை உதறினாள். கண்ணாடி வளையல்கள் கலகலவென்றன. அவள் பார்வை மட்டும் ஊசியின் கையிலேயே இருந்தது. ஊசியின் கை அப்போதுதான் கருவிப் பையின் அடியிலிருந்து வெளியே வந்தது. "டீ போடட்டுமா அத்தை?"

"வந்ததும் கேட்டிருக்க வேண்டாமா?" என்றாள் சம்பந்தியம்மா.

கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறியபோது மெத்தைக்குள் ஃபோம் மட்டும் இருந்தது. சம்பந்தியம்மா விரலால் அழுத்திப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள், சரி மூடுங்கள் என்றாள். ஊசி பின்களை ஒவ்வொன்றாக அடித்தாள். ஜோடி ஸ்டூலுக்கும் இதே துணிதான் வேண்டும் என்று சம்பந்தியம்மா அடித்துச் சொன்னாள். டீயை யார் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை என்று ரேடியோவுக்கு ஞாபகமில்லை.

வெளிக்கதவு வரை அந்தப் பெண் கூட வந்தாள். அவள் அம்மா உள்ளே சம்பந்தியம்மாவிடம் ஏதோ தலையாட்டிக்கொண்டிருந்தாள். பெண் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு ஊசியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, எனக்கும் ஒண்ணு செஞ்சு தருவீங்களா? சின்னதா இருந்தாப் போதும்."

ஊசி அவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "என்ன துணி வேணும்?"

"பாத்தா யாருக்கும் பிடிக்காத துணியா."

ஊசி தலையசைத்தாள். ரேடியோ தரையைப் பார்த்தாள்.

பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் இருக்கை கிடைத்தது. ஊசி ஜன்னலோரம். கருவிப் பையை மடியில் வைத்து, ஒரு கையை அதற்குள் விட்டு, எடுக்காமலே வைத்திருந்தாள். வளையல் பத்திரமாக இருக்கிறது என்று அவள் வாயால் சொல்லவில்லை. ரேடியோவும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை போய்விட்டதுபோல் இருந்தது.

"இத வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது" என்றாள் ஊசி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "வேலைக்குப் போய்ட்டு வந்தா பையக் கொட்டிப் பாப்பார். நாளைக்குச் சாவி வாங்கற வரைக்கும் எங்கயாவது வைக்கணும்."

எங்கே என்று சொல்லவில்லை. பட்டறையில் பூட்டு கிடையாது. அம்மா இல்லை. அக்காள் தங்கை கிடையாது. ஊசிக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று ரேடியோ மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். எண்ண ஒன்றுமில்லை.

"மத்ததெல்லாம்?" என்று ஊசி திடீரென்று கேட்டாள்.

"எது?"

"நான் குடுத்த மத்ததெல்லாம். நீலக் கலர்ல தலையணை உறை குடுத்தேன். தோல் பை ஒண்ணு. உன் பொண்ணு பொறந்தப்போ மெத்தை."

ஒரு பொய் வாய்க்குள் தயாராக வந்து நின்றது. நல்ல பொய், மரியாதையான பொய், யாரையும் புண்படுத்தாதது. ரேடியோ அதை வெளியே விடவில்லை.

"உறைய வித்துட்டேன். பையும் வித்துட்டேன். மெத்தை இருக்கு. அவ இன்னமும் அதுலதான் கால நீட்டித் தூங்கறா. கால் வெளிய வந்துடுது, மாத்த விடமாட்டேங்கறா."

தெருவிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊசியின் முகத்தின் மேல் வந்து வந்து போயின. ரேடியோ இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முந்தின திருப்பத்தில் பஸ் வளைந்தது. ஆட்கள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். ரேடியோ தன் கைப்பையை மடியில் வைத்துத் திறந்தாள். திருப்புளியையும் கைக்குட்டையையும் சில்லறைப் பர்ஸையும் ஓரமாக ஒதுக்கி, நடுவில் இடம் பண்ணினாள். வாங்கிக்கொள்கிறேன் என்றோ என்னை நம்பு என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஊசி திரும்பி அந்தத் திறந்த பையைப் பார்த்தாள். பஸ் வேகம் குறைந்தது. கருவிப் பைக்குள் இருந்த அவள் கை எதையோ பற்றிக்கொண்டது. வெளியே வராமல் அப்படியே இருந்தது.